மாமு பார்த்த வெந்நீர் ஊற்று

ஆம்பூரில் எங்களுக்குத் தெரிந்து பனிமலையைப் பார்த்தவர் என் அம்மாவின் தம்பி, எங்கள் மாமு ஒருவர்தான். மலைகளை அளக்க வடக்கே போன ஒரு துரைக்குச் சமையல்காரராகப் போய்த் திரும்பியிருந்தார். கொண்டுவந்தது ஒரு கம்பளிக் கோட்டும் ஒரு கதையும்.

மலை உச்சியில் ஒரு புல்வெளி. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி. நடுவில் குழி குழியாக வெந்நீர் ஊறுகிறது. துரை அதில் கழுத்தளவு உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்க, அவர் தலையில் பனி விழுந்துகொண்டிருக்குமாம். கடைத்தெரு இதைக் கேட்டுச் சிரித்து, மாமுவுக்கு 'வென்னி' என்று பெயர் வைத்தது.

மாமுவுக்குப் பெண் கொடுக்க இருந்தவர் காதுக்கும் அது எட்டியது. அவர் தோல் பதனிடும் ஷாப்பில், முடி நீக்கத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகளுக்கு மேஸ்திரி. ஒரு வெள்ளிக்கிழமை நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா மாப்ளே, ஐஸுக்கு நடுவுல வென்னியாமே? யாரு அடுப்பு மூட்னது?"

"அடுப்பு இல்லீங்க. பூமியிலேர்ந்தே சூடா வருது. கண்ணால பாத்தேன்."

"பொய் பேசறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

திரைக்குப் பின்னால் அம்மாவின் வளையல் சத்தம் நின்றுபோனது. மேஸ்திரியின் பெண்மேல் மாமுவுக்கு இருந்த ஆசை எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். சர்பத் கொண்டுபோன எனக்கு எட்டு வயது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொதிக்கும் என்பது எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. இவர்களுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியம்.

"அது ஐஸ் இல்ல, சுண்ணாம்பு. மலை பூரா கொட்டிக் கெடக்கு. மழை பேஞ்சா கொதிக்குது" என்றேன்.

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாமு பக்கம் திரும்பினார். "வெள்ளையா, பொடியா இருந்துச்சா?"

"ஆமாங்க."

"நாத்தம்?"

"அழுகின முட்டை மாதிரி."

"பழைய குழி நாத்தம் அதேதான்யா! சுண்ணாம்புன்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உனக்கு? சுண்ணாம்புதானே?"

மாமு என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"சுண்ணாம்புதாங்க."

அவ்வளவு சரக்கு யாருக்கும் உதவாமல் கிடக்கிறதே என்று மேஸ்திரி நிக்காஹ் வரைக்கும் வருந்திக்கொண்டிருந்தார். விருந்தில் மாமு தன் தட்டிலிருந்த நல்ல எலும்பை எடுத்து எனக்கு வைத்தார். என் அறிவுக்குக் கிடைத்த பரிசு என்று உறிஞ்சித் தின்றேன். பூகோள வகுப்புக்கு வந்துசேர எனக்கு இன்னும் சில வருஷங்கள் இருந்தன. ஊரே சிரித்தபோதும் உண்மையை விடாத மனிதர், அந்தப் பெண்ணுக்காக அன்றுதான் முதல் பொய்யைச் சொன்னார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.