என்னையும் பூநாரையையும் பார்க்க வந்தவர்கள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், வந்ததே வந்தோம், பூநாரையையும் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று ஆசைப்பட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா என் நைனாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"அங்க போட்டிங் எல்லாம் இருக்காமே. டச்சுக்காரங்க கல்லறை, லைட் ஹவுஸ் எல்லாம் போன்ல பார்த்தோம். எங்க பொண்ணு, அவ வீட்டுக்காரரு, குழந்தைங்களும் வராங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சிடலாம் இல்லைங்களா?"

நைனா போனைப் பார்த்தே தலையாட்டினார். அந்த 'எல்லாத்தையும்' என்பதில் நானும் ஒன்று என்று எனக்குப் புரிந்தது.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டியிருந்தது, அதில் என்ன வெட்கம். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பொன்னேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. எங்கள் ஊர் பழவேற்காட்டிலிருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் அதே பஸ், நடுவில் அதே புளியமரங்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் இடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். "கால ஆட்டாத, ஊட்டுக்கு ஆவாது" என்று அம்மா தொடையில் ஒன்று வைப்பாள். இந்த வீட்டை விட்டுப் போகத்தானே அது ஆடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மாப்பிள்ளை வீடு எங்கள் ஆட்கள்தான். ஆனால் அவருடைய தாத்தா காலத்திலேயே காசிமேட்டையும் கடலையும் விட்டுவிட்டு அம்பத்தூர் பக்கம் போய்விட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை. அந்தக் கம்பெனி ஆட்களை அவ்வப்போது வெளியூருக்கு அனுப்பும் என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணமானால் கூடப் போகலாம் என்று நானாக முடிவு செய்துவைத்திருந்தேன். புனே, ஹைதராபாத், எங்கேயோ. எந்த ஊர் என்பது எனக்கு முக்கியமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பாடு. வெளியாட்களுக்கு இதைச் சொன்னால்தான் புரியும். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாக விழும் இடங்கள் சில உண்டு. அங்கே எல்லோரும் எல்லா நாளும் வலை போட முடியாது. இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அந்த முறைதான் பாடு. தண்ணீரில் கோடு கிடையாது, காவல் கிடையாது, ஆளுடைய வாய்ச்சொல்தான். அதனால் எங்கள் ஊரில் ஒருவன் குடித்துவிட்டு என்ன பொய் வேண்டுமானாலும் சொல்வான், பாடு விஷயத்தில் சொல்லமாட்டான். எதிர் வீட்டுப் பெரியப்பா ஒருவர் இருக்கிறார், சொந்தப் பெரியப்பா இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். ஒருமுறை சொந்த மச்சான் முறை தவறி வலை இறக்கினான் என்று ஊர்க் கூட்டத்தில் நிற்க வைத்து உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். இன்றைக்கும் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

போனை வைத்ததும் அம்மா கேட்டாள், "நாளைக்கி பாடாச்சே, இன்னா பண்ணப் போற?"

"உட்டுக் குடுத்துட வேண்டியதுதான்" என்றார் நைனா. "சம்பந்தி ஆவப்போறவங்க கேக்கறாங்க. படகு வேணும்."

அவர் எதிர் வீட்டுக்குப் போய் அந்த நாளைப் பெரியப்பாவுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அம்பத்தூருக்குத் தெரியாது. சொல்லவும் கூடாது என்று நைனா எங்கள் வாயை அடைத்துவிட்டார். அந்த இருட்டும் நேரத்தில் படகைக் கழுவி, உள்ளே போட்டிருந்த வலையை எடுத்து வெளியே வைத்து, மீன் வாடை போக எலுமிச்சம்பழத்தோலால் பலகையைத் தேய்த்தார்.

மறுநாள் இரண்டு கார் வந்தது. உள்ளே வந்து ஒரு வாய் காபி குடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணும் நம்ம கூடவே வரட்டும். பேசிக்கிட்டே பார்க்கலாம்" என்றார். பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக நான் டூரிஸ்ட் கைடு ஆனேன்.

முதலில் கல்லறை. வாசல் கல்லில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று குழந்தைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். "இவங்கல்லாம் யாரும்மா, எப்படிச் செத்தாங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும். உள்ளே போய் விளையாடினால் வீட்டில் அடி விழும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வரலாறு. "காய்ச்சல்ல செத்திருப்பாங்க அத்தை" என்று சொல்லிவைத்தேன். அடுத்து பள்ளிவாசல் நிழல் கடிகாரம். அதில் விழுந்த நிழலையும் தன் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, சரியாத்தான் ஓடுது" என்றார் மாப்பிள்ளை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். நன்றாக இருந்தது, அந்தச் சிரிப்பு.

அதன் பிறகு படகு. போட்டிங் எங்கள் ஊரில் ஒரு மாதம் கூடாது என்பார்கள், மறுமாதம் கண்டுகொள்ள மாட்டார்கள். சொந்தக்காரர்களை ஏற்றிப் போகிறோம், யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்று கிளம்பிவிட்டோம். எல்லோருக்கும் ஆரஞ்சு ஜாக்கெட் கட்டியாயிற்று. எனக்கு மட்டும் புடவை கசங்கும் என்று அம்மா கட்டவிடவில்லை. நான் ஏரிக்கரையில் பிறந்தவள்தான், ஆனால் பறவை பார்ப்பதற்காக அதுவரை படகில் ஏறியதே இல்லை. எங்களுக்குப் பூநாரை என்றால் ஆழம் இல்லாத இடம் என்று அர்த்தம். அது நிற்கிற பக்கம் படகை விடாதே, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை என் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"அது ஏங்க ஒத்தைக் கால்ல நிக்குது?"

"இன்னொரு கால் வலிக்குமில்ல."

"அந்தக் கால் வலிச்சா?"

"மாத்திக்கும்."

"நீங்க மாத்தாம ரெண்டு காலையும் ஆட்டுறீங்களே" என்றார். அப்போதுதான் கவனித்தேன், புடவைக்குள் என் கால்கள் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தன. அவர் அதைக் கிண்டலாகத்தான் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

தூரத்தில் பூநாரைகள் தெரிந்தன. நைனா மோட்டாரை நிறுத்தினார். "இதுக்கு மேல ஆழம் இல்லைங்க. இங்கேர்ந்து பாத்துக்கலாம்."

"இவ்ளோ தூரத்துல ஒண்ணுமே தெரியலையே. இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

சம்பந்தி என்ற அந்தச் சொல்தான் நைனாவைக் கவிழ்த்தது. வேறு யார் கேட்டிருந்தாலும் முடியாது என்று சொல்லியிருப்பார். அன்றைக்குக் கழியை எடுத்து ஊன்றினார். இன்னும் கொஞ்சம் என்றார்கள், இன்னும் கொஞ்சம் போனார். ஏரியிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், தெரிந்தே படகைச் சேற்றில் செருகினார். தரை தட்டி நின்றுவிட்டது.

அவர் இறங்கினார். தொடை வரைக்கும் சேறு. ஒற்றை ஆளாகத் தள்ளினார், அசையவில்லை. மாப்பிள்ளை ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். "நீ உக்காருடா, சேறு" என்று அவர் அம்மா தோளை அழுத்தினார். நைனாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்துவிட்டேன். "ஏறும்மா, ஏறு" என்றார் நைனா பல்லைக் கடித்தபடி. ஏறவில்லை. இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம். படகு நகர்ந்த சத்தத்தில் பூநாரைகள் மொத்தமாக எழும்பின. வானமே ரோஸ் நிறமானது. படகிலிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"அங்கேயே நின்னு எங்களை ஒரு போட்டோ எடுத்துடேன்மா, பின்னாடி பறவையெல்லாம் வரட்டும்" என்று மாப்பிள்ளையின் அம்மா போனை நீட்டினார். சேற்றில் நின்றுகொண்டு எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் நண்டுக் குழம்பும் இறால் தொக்கும். மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டார்கள். நான் புடவை மாற்றிக்கொண்டு பரிமாறினேன். "இந்த மாதிரி ஒரு நாள் எங்க வாழ்க்கையிலேயே இருந்ததில்ல" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார் மாப்பிள்ளையின் அம்மா.

சில நாள் கழித்துத் தரகர் மூலம் பதில் வந்தது. ஊர் ரொம்பப் பிடித்திருக்கிறது, சாப்பாடு பிரமாதம், குடும்பம் தங்கமான குடும்பம். "பொண்ணு மட்டும் கொஞ்சம் துறுதுறுன்னு இருக்கு, ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குது."

அம்மா ஒரு வாரம் என்னைத் திட்டினாள். நான் பொன்னேரி பஸ்ஸில் உட்கார்ந்து, நைனா போனிலிருந்து எடுத்துவைத்திருந்த நம்பரில் மாப்பிள்ளை அம்மாவின் வாட்ஸ்அப் படத்தைத் திறந்து பார்ப்பேன். நான் எடுத்த படம்தான். எல்லோரும் ஆரஞ்சு ஜாக்கெட்டில், பின்னால் பூநாரைகள். நன்றாகவே எடுத்திருந்தேன். எடுத்தவளை அதில் காணோம். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. ஊரைப் பார்த்தார்கள், பிடித்தது. பறவையைப் பார்த்தார்கள், பிடித்தது. ஒற்றைக் காலில் நிற்கிறதற்குப் பெயர் அழகு, நான் இரண்டு காலை ஆட்டினால் குறையா.

அடுத்த பறவை சீசனில், ஒரு வெள்ளிக்கிழமை, நைனா போன் அடித்தது. அவர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்ததால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

"அங்கிள், ஞாபகம் இருக்கா? போன வருஷம் அம்பத்தூர்லேர்ந்து வந்தோமே." அவரேதான். குரலில் ஒரு கூச்சமும் இல்லை. "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு அங்கிள். அம்மா போட்டோவைக் காட்டினாங்க, என் ஒய்ஃபுக்கும் ஃபிளமிங்கோ பார்க்கணுமாம். ஞாயித்துக்கிழமை வரோம், அதே போட், அதே நண்டுக் குழம்பு. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

நைனா ஊசியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழம எனக்குப் பாடு, தம்பி" என்றார்.

"அப்படின்னா?"

"வலை போடணும். படகு வராது."

போனை வைத்துவிட்டு மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாடு இல்லை. அது எதிர் வீட்டுப் பெரியப்பாவின் பாடு. நைனா பாடு பேரில் பொய் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஞாயிறு விடிந்ததும் நைனா வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எங்க போற, பாடு இல்லாத நாள்ல?" என்றாள் அம்மா.

"வலை போடணும்னு சொல்லிட்டேனே. போட்டுத்தான் ஆவணும்."

நானும் போய்ப் படகில் ஏறினேன். பொம்பளைப் பிள்ளை வலைப் படகில் ஏறுவதா என்று அம்மா கத்தினாள். நைனா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

முகத்துவாரப் பக்கம் போகவில்லை. யாரும் எட்டிப் பார்க்காத, தண்ணீர் ஓடாத ஒரு மூலையில் வலையை இறக்கினார். அங்கே ஒன்றும் விழாது என்று அவருக்கும் தெரியும். வெயில் ஏறியதும் போட்டிங் படகுகள் ஒவ்வொன்றாகப் பறவை பார்க்கப் போயின. எல்லாவற்றிலும் ஆரஞ்சு ஜாக்கெட். அம்பத்தூர்க்காரர் வேறு படகு பிடித்து வந்தாரா, வரவே இல்லையா, தெரியாது. ஒரு படகிலிருந்து யாரோ போனை எங்கள் பக்கம் நீட்டிப் படம் எடுத்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளட்டும் என்று நேராகப் பார்த்தேன்.

சாயங்காலம் கரைக்குத் திரும்பினால், எதிர் வீட்டுப் பெரியப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஊர்க் கூட்டத்தில் நைனா நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"இன்னாடா" என்றார் பெரியப்பா. "வலையப் போட்டுட்டுக் கரைக்கி வந்தா, அம்பத்தூர்லேர்ந்து ஒரு கார்க்காரன் நின்னுகினு உன் படகக் கேட்டான். இன்னிக்கி உனக்குப் பாடாமே? யார் பாடு இன்னிக்கி?"

"உன் பாடுதாண்ணே" என்றார் நைனா. வலையைக் கீழே வைத்தார். "இவளப் பாத்துட்டு வேணாம்னு போனவன், பொண்டாட்டியக் கூட்டினு வந்து பறவ பாக்கணும்னான். இவ சமைச்சிப் போடணுமாம். எனக்கு வேற ஒண்ணும் வாயில வர்ல. பாடுன்னுட்டேன். நான் ஒன் எடத்துப் பக்கம் போவல, கூட்டத்துல வேணா கேளு."

பெரியப்பா என்னைப் பார்த்தார். சேறு காய்ந்த என் காலைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒன்றும் விழாத அந்த வலையின் மறுமுனையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னாத்துக்குக் கூட்டம்" என்றார். "அந்தக் கார்க்காரன் கேட்டதுக்கு, ஆமா, இன்னிக்கி உன் பாடுதான்னு சொல்லி அனுப்பிட்டேன். நட."