பி.ஏ. டெய்லர் பொண்ணும் முதல் பட்டதாரி சான்றிதழும்

பிளஸ் டூன்றது படிப்பு இல்லீங்க, ஜெராக்ஸ் கடைக்கும் இ-சேவை மையத்துக்கும் ஓடுற உத்தியோகம். நடுவுல நேரம் கெடச்சா பாடமும் படிச்சிக்கலாம். என்ன மாதிரியே மாட்டிக்கினு முழிக்கிற பிளஸ் டூ ஜீவன்களே, உங்க கிட்டதான் பொலம்புறேன், கேளுங்க.

குரூப்பு

எனக்கு சிதம்பரத்துல அக்ரி, அதான் விவசாயப் படிப்பு, படிக்கணும். அதுக்கு பயாலஜி வேணும். பிளஸ் ஒன் சேரப் போனா, அட்மிஷன் போடுற டீச்சர் "கம்ப்யூட்டர்லதான் எடம் இருக்கு"ன்னாங்க. கூட வந்த மங்கலம்பேட்டை மாமா வேற, "கம்ப்யூட்டருன்னா ஏசி ரூமு. அக்ரின்னா வெயில்ல நிக்கணும்டி"ன்னு ஒத்து ஊதுது. "நிக்கப் போறது நானு. உனக்கு ஏன் மாமா வேர்க்குது?"ன்னு கேட்டேன்.

என்னை விட மார்க் கம்மியா எடுத்த புள்ளைக்கு பயாலஜி போட்டிருந்தத லிஸ்ட்ல விரல் வெச்சுக் காட்டுனேன். அரை மணி நேரம் நகரல. கடைசியில கம்ப்யூட்டர அடிச்சிட்டு பயாலஜின்னு எழுதுன டீச்சர் சொன்னாங்க: "வாய்க்குன்னு ஒரு குரூப் இருந்தா, உனக்குத்தாம்மா மொத சீட்டு."

கைய தூக்குனவங்க

பிளஸ் டூ அரையாண்டு முடிஞ்சதும் கிளாஸ் டீச்சர், கவுன்சிலிங்குக்கு எடுத்து வைக்க வேண்டியத வரிசையா சொன்னாங்க. சாதி, வருமானம், இருப்பிடம், அப்புறம் முதல் பட்டதாரி. வீட்ல யாருமே டிகிரி முடிக்கலன்னா, மொத ஆளா போற புள்ளைக்கு பீஸ்ல சலுகை. அது இல்லன்னா எங்க வீட்டு நெலமைக்கு நான் சிதம்பரம் பஸ்ஸ வேடிக்கதான் பாக்கணும்.

"யாரு வீட்ல டிகிரி இல்ல?"ன்னு கேட்டதும் பாதி கிளாஸ் கைய தூக்குச்சு. பழக்க தோஷத்துல நானும் தூக்கிட்டேன். பக்கத்துல இருந்தவ இழுத்து எறக்குனா: "திருப்பாதிரிப்புலியூருக்கே உங்கப்பாதான பி.ஏ. டெய்லரு, உனக்கு எதுக்குடி?"

எங்கப்பா படிச்ச படிப்பு

அவ சொன்னது நெஜம். கடை போர்டுல அப்பா பேருக்குப் பின்னாடி பி.ஏ. தம்பி காதுகுத்துப் பத்திரிகையில பி.ஏ. பெண்ணாடத்து கல்யாணத்துக்கு வெச்ச பேனர்ல கூட பி.ஏ. அன்னிக்கு வீட்டுக்கு வந்து கத்துனேன். "டிகிரி வாங்கிட்டு பிளவுஸ் தெக்கிறதுக்கு, வாங்காமயே தெச்சிருக்கலாம் இல்ல? எனக்காவது சலுகை கெடச்சிருக்கும்!"

வீட்லயே தெச்சிக்கினு இருந்த அப்பா மெஷின நிறுத்திட்டாரு. கழுத்துல கெடந்த டேப்ப எடுத்து சுருட்டி வெச்சாரு. அப்புறம் மெதுவா, "நீ எழுதிப் போடு பாப்பா. எனக்கு இங்கிலீஷ் ஒரு பேப்பர் நின்னு போச்சு"ன்னாரு. அடுப்படியிலேந்து கரண்டியோட வந்த அம்மா கேட்டாங்க: "அப்ப இருபது வருஷமா நான் குடும்பம் நடத்துறது பிளஸ் டூ கூடவா?"

வி.ஏ.ஓ. சார்

எழுதிப் போட்டேன். என்னையும் அப்பாவையும் விசாரணைக்குக் கூப்ட்டாரு வி.ஏ.ஓ. "ஏம்மா, தெனம் அந்த போர்ட தாண்டித்தான் ஆபீசுக்கு வரேன். உங்க அப்பா கையால பத்திரிகை வாங்குனவன் நானு. என்னையே ஏமாத்துறியா?"ன்னாரு.

"ஏமாத்துனது போர்டு சார், நான் இல்ல"ன்னேன். அப்பா என் கைய புடிச்சு இழுத்தாரு. "போர்டு சொன்னா நம்புவீங்க, ஆளே நேர்ல வந்து சொன்னா நம்ப மாட்டீங்களா?"ன்னு மறுபடியும் கேட்டேன். அவரு பேனாவ மூடி பாக்கெட்டுல சொருகிக்கினாரு: "பெயில்னு காலேஜ்ல எழுதி வாங்கியா, மொதல்ல போர்ட அழி, அப்புறம் பேசலாம்."

சிதம்பரம்

ரிவிஷன் டெஸ்ட் வாரம். கெமிஸ்ட்ரிய மடியில வெச்சிக்கினு அப்பாவோட பஸ்ல போனேன். அவரு படிச்ச காலேஜ் ஆபீசுல பழைய ரிஜிஸ்டர தூசி தட்டித் தேடுனாங்க. "ஏம்பா, ஒரே ஒரு பேப்பருதான? திரும்ப எழுதறதுக்கு என்ன?"ன்னு நான் வெடிச்சேன். "அதுக்குள்ள ஊர்ல எல்லாரும் பி.ஏ.ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க பாப்பா. பரீட்சைக்குப் போறத யாராவது பாத்துட்டா மானம் போயிடாது?"ன்னாரு. நான் கெமிஸ்ட்ரிய தொறந்து மூஞ்சிக்கு நேரா புடிச்சிக்கினேன்.

முத்திரை குத்திக் குடுத்த கிளார்க் அப்பாவ ஏற எறங்கப் பாத்தாரு: "பாஸுன்னு எழுதிக் குடுங்கன்னு கெஞ்சுனவன பாத்திருக்கேன் சார், பெயில்னு எழுதி வாங்கிட்டு தேங்ஸ் சொன்ன மொத ஆளு நீங்கதான்."

போர்டு

லெட்டர காட்டுனோம், அப்பாவே பெயிண்ட் டப்பாவோட ஏறி பி.ஏ.வ அழிச்சாரு, பத்து நாள்ல சான்றிதழ் வந்துச்சு. அத எடுத்துக்கினு கடைக்கு ஓடுனா, பெயிண்டர் ஏணியில நிக்கிறாரு. அழிச்ச எடத்துல என் பேரு. பக்கத்துல பளபளன்னு பி.எஸ்சி. அக்ரி.

"யப்பா, நான் இன்னும் பப்ளிக் பரீட்சையே எழுதல!"ன்னு நடு ரோட்ல கத்துனேன். அப்பா கீழ நின்னு எழுத்து நேரா இருக்கான்னு பாத்துக்கினே சொன்னாரு: "எழுதத்தான போற பாப்பா, எடம் எதுக்கு காலியா கெடக்கணும்?"

ஆக ஜீவன்களே, குரூப்பு ஆச்சு, சான்றிதழ் ஆச்சு, டிகிரியே போர்டுல ஏறிடுச்சு. இனி நான் பிளஸ் டூ பாஸ் பண்றது ஒண்ணுதான் பாக்கி.