கச்சிராயபாளையம் ரோட்டில் ஆண்ட்ரோமிடா

போன வாரம் செத்துப் பிழைத்தேன். மிகையில்லை... கேளுங்கள்.

என் தங்கை கணவர் தண்டபாணிக்குச் சின்னசேலத்தில் பேங்க் வேலை, டெலஸ்கோப் பைத்தியம். கண்ணாடியைத் தானே தேய்த்து, தானே செய்துகொண்டது. இந்த அமாவாசைக்கு வெள்ளிமலைக்கு என்னையும் ஜீப்பில் இழுத்துப் போனார். குறி - ஆண்ட்ரோமிடா கேலக்ஸி என்ற தூரத்து நட்சத்திரக் கூட்டத்தைப் படம் பிடிப்பது.

இது ஸ்டுடியோ போட்டோ மாதிரி ஒரு க்ளிக்கில் முடிகிற வேலையா? கேமராவை டெலஸ்கோப்பில் மாட்டி, ஷட்டரைத் திறந்து வைத்து, வானம் நகர நகர ஒரு திருகைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் படம் பாழ். பல வருட முயற்சி... இந்த முறைதான் சரியாக விழுந்திருக்கிறது என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

காலையில் இறங்கினோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப் போட்ட புளியமரம். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் போராட்டம். கோடாரிகளோடு ஒரு கூட்டம் ஜீப்பைச் சூழ்ந்தது.

"இன்னா குழாய் இது? பீரங்கியா?"

"டெலஸ்கோப்புங்க. நட்சத்திரம் பாக்கறது."

"கேமராவும் கீதே! மரம் வெட்றதப் படம் புடிச்சி போலீசுக்குக் குடுக்கறியா?"

"வானத்தத்தாங்க எடுத்தேன்..."

யார் நம்புவார்கள்? கேமராவைப் பார்த்தால் தன்னைத்தான் எடுக்கிறது என்று நினைக்காத மனிதன் உண்டா? ஒருவன் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். தலைப்பாகை கட்டியவர் கத்தினார்: "ஃபிலிம உருவு! இல்ல, வண்டியக் கொளுத்திடுவோம்!"

தண்டபாணி என் முகத்தைப் பார்த்தார். கேமராவைத் திறந்து, சுருளை வெயிலில் உருவிக் கொடுத்தார்.

அப்போதுதான் போலீஸ் வேன் வந்தது. கூட்டம் கரும்புக் கொல்லைக்குள் சிதறியது. தலைப்பாகைக்காரர் மட்டும் மாட்டிக்கொண்டார். அவர் கையை முறுக்கிப் பிடித்தபடி இன்ஸ்பெக்டர் கேட்டார்: "மிரட்டினது இவன்தானே?"

'ஆமாம்' என்று சொல்ல நான் வாயெடுத்தேன். தண்டபாணி முந்திக்கொண்டார்.

"இவரு இல்லீங்க சார். ஃபிலிம நான்தான் உருவினேன்."

இன்ஸ்பெக்டர் முறைத்தார். பிறகு கையை விட்டார். தலைப்பாகைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கரும்புக்குள் போனார்.

மரத்தை ஓரம் தள்ளி எங்களை அனுப்பினார்கள். ஜீப்பில் நான் வெடித்தேன். "ஏன் மாப்ள? காட்டிக் குடுத்திருக்கலாம் இல்ல?"

"அந்தாளு உள்ள போனா படம் திரும்பி வருமா, மச்சான்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். கள்ளக்குறிச்சி வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "அந்த வெளிச்சம் லட்சக்கணக்கான வருசமா வந்துக்கினு கீது. அடுத்த அமாவாசைக்கும் வரும்."

வரும்தான். அதற்குள் போராட்டம் முடிந்து ரோட்டைத் திறந்துவிடுவார்களா என்பதுதான் என் கவலை!