செம்பாக்கத்து மதகும் ஒரு பழைய கொலைக்கதையும்

என் வீட்டுக்காரரைக் கொலைகாரர் ஆக்கியவர் நீங்கள்தான், சார். போலீஸ் இல்லை, ஊர் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் அச்சகம் வைத்து, பழைய கிராமத்துக் கொலைக்கதைகளுக்குப் புது அட்டை போட்டு விற்ற நீங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் உங்களிடம் வேலை பார்த்தேன். அச்சான பெரிய தாள்களைப் பக்கம் பக்கமாக மடிக்கிற வேலை. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை போனவள் நான், படித்துக்கொண்டேதான் மடிப்பேன். எல்லாம் எழுதியவர்கள் எப்போதோ செத்துப்போன நாவல்கள். நடுவில் வரும் பாட்டையும் உபதேசத்தையும் வெட்டுவீர்கள். கதை நடக்கும் ஊரின் பெயரை அடித்துவிட்டு இந்தப் பக்கத்து ஊர் ஒன்றைப் போடுவீர்கள். தெரிந்த ஊர் என்றால் மின்சார ரயிலில் போகிறவன் பிளாட்பாரக் கடையில் நின்று வாங்குவான் என்பது உங்கள் கணக்கு.

ஒரு கதையில் ஏரி வந்தது. செம்பாக்கம் என்று போட்டுவிட்டீர்கள். அந்தக் கதையில் ஒரு பெண்ணைக் கொன்று மதகடியில் தள்ளுகிறவன், மதகு திறக்கும் ஆள். நிஜச் செம்பாக்கத்தில் மதகு திறக்க ஊர் வைத்திருந்தது ஒரே ஒருவரை. என் வீட்டுக்காரரை. அதற்கு முந்திய மழைக்காலத்தில், துணி துவைக்கப் போன ஒரு பெண் அந்த ஏரியில் வழுக்கி விழுந்து இறந்திருந்தாள். மதகில் சிக்கிய உடலைத் தூக்கி வந்தவரும் அவர்தான்.

தாளை எடுத்துக்கொண்டு வந்து உங்களிடம் சொன்னேன். வேறு ஊர் போடுங்கள் என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை நீங்கள்.

"கதைம்மா இது. கதையில வர்றவன் உன் வீட்டுக்காரனுக்கு மாமனா, மச்சானா? போய் மடி."

புத்தகம் வந்தது. முதலில் கேலியாகத்தான் இருந்தது. டீக்கடையில் ஒருவன், "இன்னாண்ணா, மதகாண்ட தனியாவா போறே, கூட எதுனா பொம்பள வருதா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. அவர் கரைமேல் வருவதைக் கண்டால் துவைக்கிற பெண்கள் ஈரத்துணியை அப்படியே சுருட்டிக்கொண்டு போனார்கள்.

உங்களுக்கு விற்பனை நன்றாக இருந்தது. மறுபடி அச்சடித்தபோது அட்டையில் ஒரு வரி சேர்த்தீர்கள்: ‘செம்பாக்கத்தில் நடந்த உண்மைச் சம்பவம்’. அன்றைக்கே வேலையை விட்டேன்.

இறந்தவளின் தம்பி அந்தப் புத்தகத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தான். சத்தம் போடவில்லை. ஒரு பக்கத்தை விரித்து அவரிடம் காட்டினான்.

"எங்க அக்கா வளையலு மதகாண்ட ஒடஞ்சி கெடந்திச்சின்னு போட்டுகீது. எங்க வூட்டுக்கே தெரியாது. பாத்தவன் யாருண்ணா?"

எந்தக் காலத்திலோ எவரோ கற்பனையில் உடைத்த வளையல் அது.

"அது கதைப்பா" என்றார் இவர்.

"உண்மைன்னு போட்டுகீதே."

புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து அவன் மதகுக்கு எதிரே வந்து உட்கார ஆரம்பித்தான். ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. இவர் போகும்போது பார்ப்பான், திரும்பும்போது பார்ப்பான். இவர் வீடு வந்து சேரும்வரை உலையில் அரிசி போடக்கூட எனக்குக் கை வராது.

ஊர்ப் பெரியவர்கள் மதகுச் சாவியைக் கேட்டார்கள். கொஞ்ச நாளைக்குத்தான், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார்கள். இவர் ஏன் என்று கேட்காமல் கொடுத்தார். கேட்காததையும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். இவர் சாகும்வரை சாவி திரும்பி வரவில்லை. சாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தெருமுனையைத் தாண்டவில்லை.

இப்போது அதே புத்தகத்தை மறுபடி கொண்டுவருகிறீர்களாம். விழாவாம். அட்டையில் அந்த வரியும் இருக்கிறதாம். நான் வருவேன். தனியே கூப்பிட்டு வருத்தம் சொல்ல வேண்டாம். மேடையில், மைக் முன்னால், செம்பாக்கத்து ஜனங்கள் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: செம்பாக்கத்தில் யார், யாரைக் கொன்றது?