ஏழாம் தகட்டின் பதினான்கு செல்கள்

மருத்துவமனையின் இரண்டாம் தளத்தில், நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைப் பரிசோதிக்கும் அறையில், அவர் பத்தொன்பது ஆண்டுகளாக ஆய்வக நுட்புநர். ஒவ்வொரு கண்ணாடித் தகட்டிலும் முந்நூறு செல்களை வகை பிரித்து எண்ணுவது அவர் வேலை. மூச்சுக்குழாயின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த, விளிம்பில் மயிர்போன்ற இழைகள் கொண்ட குற்றிழைச் செல், சளி சுரக்கும் கிண்ணச் செல், தூசியைத் தின்று கறுத்த விழுங்கு செல் என ஒவ்வொன்றுக்கும் எண்ணும் கருவியில் தனி விசை உண்டு. அதனாலேயே அவருக்கு 'முந்நூறு அக்கா' என்று பெயர்.

"படியையும் எண்ணிட்டுத்தான் ஏறுவீங்களாக்கா?" என்று வரவேற்பறைப் பெண் சீண்டுவாள்.

"முப்பத்தெட்டு. உங்க லிப்ட் என்னைக்குடி ஓடிச்சு?" என்பார் அக்கா.

அவ்வறையில் ஒரு வழக்கம் உண்டு. தகட்டில் எண் மட்டுமே இருக்கும். எண்ணி முடித்துக் கையெழுத்திட்ட பிறகே நோயாளியின் பெயரைத் திறந்து பார்க்கலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த பன்னிரண்டு தகடுகளில் ஒன்று அவருடைய தம்பியுடையது. தாய் இறந்தபின் அவர் வளர்த்த பிள்ளை. கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தான். எது அவனுடைய தகடு என்று அவருக்குத் தெரியாது.

ஆறு தகடுகளில் அஞ்சத்தக்கது எதுவுமில்லை. ஏழாவதில் ஒரு கொத்து தென்பட்டது: ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்த பதினான்கு செல்கள், உட்கருக்கள் பெருத்து, கரடுமுரடாக. அழற்சியால் உருக்குலைந்த குற்றிழைச் செல்களும் இப்படித் தோன்றுவதுண்டு. விளிம்பில் மெல்லிய இழைகள் தெரிந்தால் பயமில்லை. தெரியாவிட்டால் 'வகைப்படாதவை' என்று குறித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இழைகள் தெரியவில்லை. ஆனால் விரல் குற்றிழைச் செல்லின் விசையைப் பதினான்கு முறை அழுத்தியது. கையெழுத்தும் போட்டுவிட்டார்.

எட்டாவது தகட்டில் பார்வை நிலைகொள்ளவில்லை. ஏழாவது தம்பியுடையதென்றால் அவனுக்கு வைத்தியம் தள்ளிப்போகும். வேறொருவருடையதென்றாலும் அதே கதிதான். பெயரைத் திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, தகட்டோடு மருத்துவர் அறைக்குச் சென்றார்.

மருத்துவர் வெகுநேரம் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார்.

"இழை எங்கம்மா இருக்கு?"

"இல்ல சார்."

"அப்ப ஏன் அதுல சேத்தீங்க?"

"இருந்துடணும்னு நெனச்சேன் சார். என் தம்பியோடதும் இன்னைக்கு வந்திருக்கு."

மருத்துவர் பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினார். அக்கா குற்றிழைச் செல்லில் சேர்த்த பதினான்கை அடித்துவிட்டு, 'வகைப்படாதவை' பத்தியில் எழுதி, நேரத்தையும் குறித்தார்: 11.40. அதன் பிறகே பெயரைத் திறந்தார்கள். தம்பியின் பெயர்.

நடைக்கூடத்தில் நின்று அவனைப் போனில் அழைத்தார்.

"டேய், நாளைக்குக் காலைல வந்துடு. உள்ளேருந்து சின்னதா ஒரு சதைத் துண்டு எடுக்கணும்."

"கேன்சராக்கா?"

"தெரியலடா. எந்த வகைன்னு தெரிஞ்சாத்தான் மருந்து சொல்லுவாங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

மறுமுனையில் பெயின்ட் தெளிக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"இத நிறுத்திட்டு வரேன்" என்றான். "போன வெச்சிடாதக்கா."