கயிறு பிடிக்கிறவர் கட்டிய கடல்

என் வீட்டுக்காரர் குழந்தைவேலு பாராடாங் தீவு ஃபெர்ரியில் கயிறு பிடிக்கிறவர். காகிதத்தில் லஸ்கர் என்று போட்டிருக்கும். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. பஸ்ஸையும் லாரியையும் சுமந்துகொண்டு ஃபெர்ரி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும், அங்கிருந்து இங்கே வரும். கரையோரத்து ஜெட்டி மேடையைத் தொட்டதும் இவர் கயிற்றைத் தூணில் வீசிக் கட்டுவார். கிளம்பும்போது அவிழ்ப்பார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இவர் கையிலிருந்து கயிறு நழுவியது கிடையாது. நழுவியது வாய்தான்.

எங்களுக்கு ஒரே பையன், அஸ்வின். சென்னையில், வெப் அப்ளிகேஷன் செய்கிற கம்பெனியில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்திருந்தான். ஃபெர்ரியை ஓட்டுகிற சாரங் பன்னீர்செல்வம் அண்ணனும் இன்னும் நாலைந்து பேரும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார்கள். அண்ணன் சும்மா இராமல், "பேட்டா, மெயின்லேண்ட்ல என்ன காம் பண்றே?" என்று கேட்டார். பையன் ஆசை ஆசையாக மொபைலை எடுத்து, தான் செய்த ஒரு பக்கத்தைக் காட்டினான். தொட்டால் நிறம் மாறியது, பெட்டி விரிந்தது, படம் நகர்ந்தது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அரே, இவ்வளவுதானா? பட்டனை அமுக்கினா கலர் மாறுது! இந்தப் பொம்மை வேலைக்கா உன்னை நாலு வருஷம் மெயின்லேண்ட்ல படிக்க வச்சேன்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். பெற்றவள் எனக்குத் தெரியாதா அது என்ன சிரிப்பென்று?

அதற்குப் பிறகு அவன் ஊருக்கு வரவில்லை. போன் வரும், என் நம்பருக்கு மட்டும். "அப்பா பக்கத்துலதான் இருக்காரு, குடுக்கட்டுமா?" என்பேன். "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்பான். சண்டை போட்டுத் தொலைத்தாலாவது நடுவில் புகுந்து சமாதானம் பண்ணலாம். இவன் சண்டையும் போடமாட்டான், பேசவும் மாட்டான். இவரோ என் காதில் ஒட்டியிருக்கிற போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வைத்ததும், "என்ன சொன்னான்?" என்று கேட்பார். "சாப்பிட்டானாம்" என்பேன். வேறு என்னத்தைச் சொல்ல?

போன ஜூனில் ஏதோ கூட்டத்துக்கென்று போர்ட் பிளேருக்குப் போனவர், யாரோ விற்ற பழைய டச் ஸ்கிரீன் லேப்டாப்போடு வந்து இறங்கினார்.

"இது எதுக்குங்க?"

"பையன் அப்படி என்னதான் செய்யறான்னு கத்துக்கப் போறேன்."

"அவன்கிட்டயே கேட்கலாமே?"

"கேட்கற வாயை நானே கெடுத்துக்கிட்டேனே, ருக்கு."

ஐம்பத்திரண்டு வயது. ஃபெர்ரி, கடல், தூண், கயிறு தவிர எதையும் அறியாத மனுஷன். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது.

எங்கள் தீவில் சூரியனுக்கு எப்போதும் அவசரம். ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு விளக்குப் போட்டாக வேண்டும். அந்த விடியல் நேரத்தில்தான் இவருக்குப் படிப்பு. எங்கள் வீட்டில் நெட் வருகிறது என்று சொன்னால் அது பொய். அதனால் டியூட்டியில் வண்டிகள் ஏறக் காத்திருக்கும்போது ஜெட்டியிலேயே இந்திப் பாட வீடியோக்களை மொபைலில் இறக்கிக்கொள்வார். மறுநாள் விடிந்ததும் அடுப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் தட்டுவார். வெளியே மழையில் அலையாத்திக் காடு கரைந்துபோய்க் கிடக்கும். மழைச் சத்தமும் அந்தத் தட்டல் சத்தமும் கேட்டபடி நான் பாதித் தூக்கத்தில் படுத்திருப்பேன். அந்த ஆறு மாதமும் எனக்கு நினைவில் ஈரமாகத்தான் இருக்கிறது.

முதல் பாடம் பெட்டியாம். வெப் பக்கத்தில் எல்லாமே பெட்டிக்குள் பெட்டியாம். ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனபோது ஃபெர்ரி நடுக்கடலில் இருந்தது. கரைக்கு வந்ததும் நானும் ஏறி அக்கரை போய் வந்தேன். "பாரு ருக்கு, ஃபெர்ரி ஒரு பெட்டி. அதுக்குள்ள பஸ் ஒரு பெட்டி. பஸ்ஸுக்குள்ள சீட்டு, சீட்டுல அந்தம்மா, அவங்க மடியில டிபன் கேரியர், அதுக்குள்ள நாலு டப்பா" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு மத்தியானம் படுத்தேன், கனவில் தீவு முழுக்கப் பெட்டிகள். மரம், மழை, எங்கள் கோழி, எல்லாவற்றையும் சுற்றி மெல்லிசாகக் கோடு. ஒரு பெட்டி மட்டும் காலியாக இருந்தது. எழுந்ததும் அழுகை வந்துவிட்டது, ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அடுத்து பட்டன். எந்தப் பட்டனைச் சொல்லிச் சிரித்தாரோ அதே பட்டன். தொட்டால் நிறம் மாற வேண்டும், அவ்வளவுதான். மாறவில்லை. மழை மாறியது, காற்று மாறியது, இவர் டியூட்டி மாறியது, அந்தச் சனியன் பிடித்த பட்டன் மட்டும் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. "தூக்கிப் போடுங்க அதை" என்று கத்தினேன். ஒரு நாள் டியூட்டி முடிந்து ஓடி வந்தார். "ருக்கு, புரிஞ்சிடுச்சு! சாரங் ஹாரன் அடிக்கிற வரைக்கும் நான் என்ன பண்றேன்? கயிற்றைப் பிடிச்சுக்கிட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறேன். ஹாரன் கேட்டாத்தான் அவிழ்க்கறேன். பட்டனும் அப்படித்தான்! யாராவது தொடறாங்களான்னு காத்துக்கிட்டு நிக்க ஒரு ஆளைப் போடணும். நான் ஆளே போடாம விட்டுட்டேன்." மறுநாள் விடியலில் பட்டன் பச்சையானது. என்னையும் எழுப்பித் தொடச் சொன்னார். நான் தொட்டேன், பச்சை. இன்னொரு தரம் தொட்டேன், சாம்பல். குதிப்பார் என்று நினைத்தேன். இவரோ குனிந்து ஏதோ தட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவர் செய்த இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். கோடிங்குக்குள், அதாவது தட்டுகிற கட்டளைகளுக்கு நடுவில், நமக்கு நாமே குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளலாமாம், கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடுமாம். ஃபெர்ரியில் தினமும் லாக் புக் உண்டு. தேதி, வானிலை, நடந்தது, மூன்றையும் எழுதியே ஆகவேண்டும். அந்தப் பழக்கத்தில் இவர் கோடிங்குக்குள்ளும் லாக் எழுத ஆரம்பித்தார். தமிழில், தேதி போட்டு. "என்னங்க எழுதறீங்க?" என்று கேட்டால், "மெஷினே படிக்காது, நீ எதுக்குப் படிக்கறே?" என்பார். கண்ணாடி இல்லாமல் எனக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது. விட்டுவிட்டேன்.

நவம்பரில் மழை குறைந்தபோது திரையில் எங்கள் கடல் வந்திருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன், எங்கள் கடலேதான். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, நடுவில் ஃபெர்ரி. அதைத் தொட்டால் ஹாரன் அடித்துவிட்டு அக்கரைக்குப் போகும். விரலை மேலே இழுத்தால் தண்ணீர் ஏறி மரங்களின் வேர் மறையும், கீழே இழுத்தால் வற்றிச் சேறு தெரியும். முன்னால் நிற்கிற கயிற்றுக்காரரைத் தொட்டால் கையைத் தூக்குவார். தண்ணீரை நீலமாகப் போட்டிருந்தார். "நம்ம தண்ணி எங்கங்க நீலம்? பச்சை போடுங்க" என்று நான்தான் சண்டை போட்டு மாற்ற வைத்தேன். கரையில் எங்கள் குவார்ட்டர்ஸும் இருந்தது. கொடியில் ஒரு துணி இல்லை. "ஆள் குடியிருக்கிற வீடு மாதிரியா இருக்கு?" என்று திட்டினேன். இரண்டு நாளில் என் மஞ்சள் புடவை அதில் ஆடியது.

எல்லாவற்றிலும் அழகு சாயங்காலம்தான். போனில் என்ன மணியோ அதற்கேற்ப வானமும் மாறும். நாலரைக்கு வெயில் மஞ்சளாகும். ஐந்துக்குச் சூரியன் காட்டுக்குப் பின்னால் இறங்கும். ஐந்தேகாலுக்கு இருட்டு, நட்சத்திரம், எங்கள் ஜன்னலில் ஒரு விளக்கு. அந்த இருட்டுக்கு எந்தக் கருப்பு என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தேன். மத்தியான வேளையில் வீட்டு வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே ஒரு கடல், உள்ளே ஒரு கடல். எதில் ஃபெர்ரி ஹாரன் அடித்தது என்று சில சமயம் குழம்பிப்போவேன்.

யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி அதை நெட்டில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, பையனுக்கு அனுப்பத் தைரியம் இல்லாமல் நாலு நாள் சுற்றிச் சுற்றி வந்தார். "மறுபடி சிரிப்பாயிடும் ருக்கு. இந்தத் தடவை அவன் சிரிப்பான்." எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஜெட்டிக்குப் போய் நின்று என் போனிலிருந்து நானே அனுப்பினேன். 'உங்கப்பா செஞ்சது. பாரு.'

இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. இவர் கேட்கவே இல்லை, ஆனால் ஒவ்வொரு டிரிப்புக்கும் நடுவில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாராம், பன்னீர்செல்வம் அண்ணன் சொன்னார். பெத்த அப்பன் ஆறு மாசமாக விடியலில் எழுந்து தட்டியிருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னால் இவன் வாய் முத்து உதிர்ந்துவிடுமா? இனி போன் பண்ணட்டும், நானும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவது என முடிவே பண்ணிவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம். டியூட்டி முடிந்து ஜெட்டியிலிருந்து இரண்டு பேரும் நடந்து வந்துகொண்டிருந்தோம். இருட்டிவிட்டது. போன் அடித்தது. என் போன் இல்லை, அவருடையது. பேரைப் பார்த்தவர் அவசரமாக எடுக்கப் போனார். எங்கேயோ அமுக்கி ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அப்பா." மூன்று வருஷத்துக்கப்புறம் அந்தச் சொல். "உங்க பேஜ்ல ஒரு பக் இருக்குப்பா."

"என்னடா... என்ன தப்பு?"

"இங்க மணி அஞ்சேகால். ஜன்னல்ல வெயில் கண்ணு கூசுது. உங்க பேஜ்ல நட்சத்திரம் வந்துடுச்சு."

"அஞ்சேகாலுக்கு இருட்டாம என்னடா பண்ணும்?" என்றவர் சட்டென்று நின்றார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மெயின்லேண்டுக்கு நாலு தடவை போய் வந்தவள் நான், கருப்பைத் தேர்ந்தெடுத்தவளும் நான்தான். உலகம் முழுக்க ஐந்து மணிக்கு இருட்டிவிடும் என்று இரண்டு பேருமே நினைத்திருக்கிறோம்! "அய்யோ, அங்க லேட்டா இருட்டுமில்ல? மறந்தே போச்சுடா. மாத்திடறேன்."

"எங்க தப்புன்னு பாக்கலாம்னு கோடிங்கைத் திறந்தேன்பா." அதில் இருந்ததை வாசித்தான். "ஜூலை ஒன்பது. மழை, காற்று அதிகம். பட்டன் நிறம் மாறவில்லை. பதினோராவது நாள்."

"அது... அது எப்படிடா உனக்கு... மெஷின் படிக்காதுன்னு சொன்னாங்களே!"

"மெஷின் படிக்காதுப்பா. மனுஷங்க படிப்பாங்க. பேஜைத் திறக்கிற யார் வேணாலும் படிக்கலாம்." மேலே வாசித்தான். "ஜூலை பதினேழு. மழை விட்டது. பட்டன் நிறம் மாறியது. பத்தொன்பது நாள் ஆனது. இதைத்தான் பொம்மை வேலை என்று சொன்னேன். நாலு பேர் முன்னால் சொன்னேன்."

"அஸ்வின், போதும்டா."

"இன்னும் ஒண்ணு. செப்டம்பர் இரண்டு. லேசான மூட்டம். பையன் போன் செய்தான். ருக்குவிடம் பேசினான். வெளியே கேட்ட வரைக்கும் குரல் கம்மியிருந்தது. சளியாக இருக்கும்." அவன் குரல் அப்போதும் கம்மித்தான் இருந்தது. "சளிதான்பா அன்னிக்கு."

இவர் வழியில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இவர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அதையெல்லாம் அழிச்சிடறேன்டா. மணியையும் மாத்திடறேன். சென்னையில எப்போ இருட்டுது, சொல்லு."

"ரெண்டையும் மாத்தாதீங்க. அங்க இருட்டினா எனக்கும் இருட்டட்டும்பா. இந்தப் பக்கத்தை ஆபீஸ்ல திறந்தே வச்சிருக்கேன்." மூக்கை உறிஞ்சினான். "அந்தத் தண்ணி ஏறுதே, அதை எப்படிப் பண்ணீங்க?"

அவ்வளவுதான், இவர் ஆரம்பித்துவிட்டார். நட்டநடு ரோட்டில், கொசுக்கடியில், நாற்பது நிமிஷம். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

இப்போது தினமும் ஐந்தேகாலுக்கு இவருக்குப் போன் வருகிறது. பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டானாம். அதையும் இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் போன் சும்மா கிடக்கிறது. நேற்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து, கடைசியாக என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன். 'டிசம்பர் 20. வானம் தெளிவு. அஸ்வின் பேசினான். ருக்குவுக்கு என் மேல் பொறாமை.'

பொறாமையாம்! ஆமாம், பொறாமைதான். மூன்று வருஷம் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். வைத்ததும், "என்ன சொன்னான்?" என்று நான் கேட்கிறேன்.

"சாப்பிட்டானாம்" என்கிறார்.