வீரபாகு மாட்டிய பிரேக்

சிவப்பிரகாசத்தின் அப்பா வாங்கிய மோரிஸ் கார் பதினெட்டு வருஷம் பட்டுக் கிடங்கின் பின்கட்டில் நின்றுகிடந்தது. 1976 தை மாதத்தில் ஒரு நாள் நான்கு பேர் அதைத் தள்ளிக்கொண்டு வேலூர் ரோட்டில் இருந்த வீரபாகுவின் ஷெட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். டயர்கள் நான்கும் மண்ணாக உதிர்ந்தன. சீட்டுக்குள் எலிகள் குடித்தனம் பண்ணியிருந்தன. சிவப்பிரகாசம் ஆரணியில் பேர் சொல்லத்தக்க பட்டுச்சேலை வியாபாரி. அப்பாவின் வண்டி மறுபடி ஓட வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. எத்தனை நாளானாலும் சரி, வண்டி அப்பா காலத்தில் இருந்த மாதிரியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீரபாகு தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பதினேழு வயதில் தறிக்குழியை விட்டு எழுந்து வேலூருக்குப் போய், ஒரு பஸ் கம்பெனி பட்டறையில் பதினோரு வருஷம் கிரீஸில் புரண்டு தொழில் கற்றவர். ஊர் திரும்பி ஷெட் போட்டபோது அவரிடம் ஒரு டூல் பெட்டியும் ஒரு பிடிவாதமும் இருந்தன. போல்ட் ஒன்று நூலளவு ஆடினாலும் வண்டியை வெளியே விடமாட்டார். லாரிக்காரர்கள் தாமதத்துக்காகத் திட்டுவார்கள். திட்டியவர்களே அடுத்த தடவையும் அவரிடம்தான் வருவார்கள்.

அவருக்குக் கையாள் என்று யாரும் இல்லை. பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, மற்றவர் வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதிப்பது மனைவி கன்னியம்மாள்தான். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறி உட்காருவாள். அந்த வழக்கத்தில் பெடலின் குணம் அவள் பாதத்துக்குத் தெரிந்துவிட்டது. எந்த வண்டியில் காற்று இன்னும் பாக்கி இருக்கிறது என்று அவளே சொல்வாள்.

இஞ்சினை வீரபாகு எட்டு மாதத்தில் ஓட விட்டார். லேத்தில் கடையக்கூடியதைக் கடைந்தார், அரத்தால் ராவக்கூடியதை ராவினார். தொல்லை வந்தது கையால் செய்ய முடியாத சாமான்களில்தான். அந்த மாடலுக்குக் கம்பெனி சாமான் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. வடக்கே எங்கேயோ அதேபோல் அச்சு எடுத்துச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மெட்ராஸ் கடை ஒன்றுக்கு எழுதி வரவழைத்தார்கள். டப்பாக்கள் பார்க்க லட்சணமாக இருந்தன. மேலே வண்டியின் படம், மாடல் வருஷம், பொருந்தும் என்ற உத்தரவாதம் எல்லாம் அச்சடித்திருந்தது.

முதலில் வந்த மட்கார்டில் போல்ட் துளை அரை அங்குலம் தள்ளி இருந்தது. துளைக்குத் துளை சேர்த்தால் விளிம்பு டயரில் உரசியது. டயரை விட்டு நகர்த்தினால் ஹெட்லைட் வானத்தைப் பார்த்தது. வீரபாகு அதை வெட்டி, தட்டி, வெல்டிங் வைத்து உட்கார வைப்பதற்குள் ஒரு மழைக்காலம் போயிற்று. அடுத்து வந்த கதவு ரப்பர், விரல் தடிமன் கூடுதல். கதவு சாத்தவே இல்லை. பிளேடால் சீவிச் சீவிச் சாத்த வைத்தால், மழையில் தண்ணீர் உள்ளே வந்து புது சீட்டை நனைத்தது. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் பல் ஒன்று குறைச்சல். முன்சக்கரத்து அச்சாணி ஒன்று பருமன், அதன் ஜோடி மெலிவு. ஒவ்வொரு பார்சலைப் பிரிக்கும்போதும் இந்தத் தடவையாவது சரியாக இருக்கும் என்று மனது நினைத்துக்கொள்ளும். அளவு பார்க்கும் காலிப்பரை வைத்ததும் பிசகு தெரிந்துவிடும். சரியாகச் செய்யத் தெரிந்த கை, அடுத்தவன் சரியில்லாமல் செய்ததைத் திருத்துவதிலேயே தேய்கிறது என்று கன்னியம்மாளிடம் சொல்வார்.

பொறுக்கமாட்டாமல் ஒரு தடவை, ஒவ்வொரு சாமானும் எவ்வளவு பிசகு என்று அளவு போட்டு, கடைக்காரருக்குச் சிவப்பிரகாசத்தின் பேரில் கடிதம் எழுதச் செய்தார். பதில் பட்டுக்கடைக்கே வந்தது. சிவப்பிரகாசம் அவரைக் கூப்பிட்டு அனுப்பி, கணக்குப்பிள்ளையும் வாடிக்கைக்காரர்களும் இருக்கும்போதே அதைப் படித்துக் காட்டினார். இதே சாமான் மற்ற ஊர்களில் எல்லாம் நன்றாகப் பொருந்துகிறது, தங்கள் மெக்கானிக்கின் கைவேலையைக் கவனிக்கவும் என்று எழுதியிருந்தது. யாரோ சிரித்தார்கள். சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை. ஆனால் கடிதத்தை மடித்துக்கொண்டே வீரபாகுவின் கைகளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை வீரபாகுவுக்கு மறக்கவே இல்லை.

கடைசியாக நின்றது பிரேக். சக்கரத்து டிரம்முக்குள் இருக்கும் சிலிண்டரில் சின்னச் சின்ன ரப்பர் கப்புகள் உண்டு. மிதிக்கும்போது அவைதான் ஆயிலைத் தாங்கித் தள்ளும். மட்டமான ரப்பர் பிரேக் ஆயிலில் ஊறினால் உப்பும். உப்பினால் சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். காலை எடுத்தாலும் பிரேக் முழுசாக விடாது. ஓடஓட டிரம் சூடேறி, ஆயில் கொதித்து, கடைசியில் மிதித்தால் ஒன்றும் இருக்காது. வேலூரில் ஒரு பஸ் இப்படிப் போனதை வீரபாகு நேரில் பார்த்தவர். அதனால் வந்த முதல் செட்டில் ஒரு கப்பை எடுத்து, பிரேக் ஆயில் ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தார். பத்து நாளில் அது ஊறி வீங்கியிருந்தது. திருப்பி அனுப்பினார். இரண்டாவது செட்டும் அப்படியே.

இதற்குள் மூன்று வருஷம் ஓடிவிட்டது. சிவப்பிரகாசத்தின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. முதல் பத்திரிகையைப் படவேட்டில் ரேணுகாம்பாள் அம்மனின் பாதத்தில் வைக்க வேண்டும். அப்பாவின் காரில்தான் போகவேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். 1979 தை மாதத்து வெள்ளிக்கிழமை. அதற்கு நான்கு நாள் முன்னால், தானே மெட்ராஸ் போய் வேறொரு கடையில் வாங்கிய பிரேக் செட்டோடு ஷெட்டுக்கு வந்தார்.

"பத்து நாள் டைம் குடுங்க மொதலாளி," என்றார் வீரபாகு. "ஒரு கப்பை ஆயில்ல போட்டுப் பாத்துட்டு மாட்டறேன்."

"மூணு வருஷமா இதையேதான் சொல்லிகினு கீற. கோளாறு சாமான்லயா, உன் கையிலயான்னு எனக்கே இப்ப சந்தேகமா கீது. உன்னால ஆவலன்னா சொல்லிடு, வேலூர்லேர்ந்து ஆள் கூட்டியாறேன்."

வீரபாகு டப்பாவை வாங்கிக்கொண்டார். கப்புகளைக் காலிப்பரில் அளந்தார். முதன்முறையாக அளவு சரியாக இருந்தது. செட்டில் கூடுதலாக இருந்த ஒன்றைப் பாட்டிலில் போட்டார், மற்றவற்றை மாட்டினார். கன்னியம்மாள் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். காற்று எல்லாம் போன பிறகும் அவள் இறங்கவில்லை.

"இன்னாங்க, காலை எடுத்தா பெடல் மெல்லத்தான் மேல வருது," என்றாள்.

புது ரப்பர் அப்படித்தான் இருக்கும் என்றார். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். நான்கும் தடையில்லாமல் சுற்றின. ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்தது, விட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் கார் பளபளவென்று பட்டுக்கடை வாசலில் நின்றபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிவப்பிரகாசமும் அவர் மனைவியும் பத்திரிகைத் தட்டோடு கிளம்பினார்கள். ஓட்டியவர் எல்லப்பன், கலசப்பாக்கம் பக்கம் காலனியைச் சேர்ந்தவர், முப்பது வயது, சிவப்பிரகாசத்திடம் ஆறு வருஷமாக வேன் ஓட்டியவர், ஒரு கோழியைக்கூட அடித்தவர் இல்லை.

பத்து மணி வாக்கில் வீரபாகு, பத்து நாள் ஆகட்டும் என்று விட்டுவைத்திருந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தார். கம்பியால் கப்பை வெளியே எடுத்துத் துடைத்து, பழைய சிலிண்டர் ஒன்றில் விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. கட்டை விரலால் அழுத்தியும் நுழையவில்லை. நான்கே நாளில் அவ்வளவு ஊறியிருந்தது. கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். படவேட்டுக்கு நேர் பஸ் இல்லை. கண்ணமங்கலம் போய்விட்டால் திரும்பி வரும் காரை அங்கே மறித்துவிடலாம் என்று வேலூர் பஸ்ஸில் ஏறினார். வழி நெடுக எதிரே வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்ணமங்கலம் கூட்ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுவிட்டது. முன்னால் கூட்டம். கார் ஒரு புளியமரத்தில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. ரோட்டில் புல் சிதறிக் கிடந்தது. புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிய பொன்னம்மாள் என்ற பெண்பிள்ளையின் மேல் யாரோ துண்டைப் போர்த்தியிருந்தார்கள். கூலி வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்பியவள். வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான்.

சிவப்பிரகாசத்தின் மனைவிக்குக் கை ஒடிந்திருந்தது. எல்லப்பனைக் கூட்டம் அடித்திருந்தது, வாயில் ரத்தம். போலீஸ்காரர் ஒருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வீரபாகுவைப் பார்த்ததும் எல்லப்பன், "மேஸ்திரி, மிதிச்சேன். கால் அடி வரைக்கும் போயிடுச்சி. ஒண்ணுமே இல்ல அதுல," என்றார்.

வீரபாகு குனிந்து பின்சக்கரத்துக்குள் கையை விட்டார். டிரம் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. விரல் நுனிகள் பொத்துப்போயின. நிமிர்ந்தபோது நாலைந்து பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாட்டிய பிரேக் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். போலீஸ்காரர் காதுகொடுத்திருப்பார், சூடு ஆறுவதற்குள் யாராவது தொட்டுப் பார்த்திருப்பார்கள். கூட்டத்தின் கையில் இருந்த தடிகளைப் பார்த்தார். கையை வேட்டியில் மறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

மறுநாள் மத்தியானம் வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி ஸ்டேஷன் வாசலிலேயே நான்கைந்து தடவை பெடலை மிதித்துப் பார்த்தார். ஆறிய பிரேக் நன்றாகப் பிடித்தது. பிரேக்கில் பழுதில்லை, டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இது தெரிந்ததும் வீரபாகு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். கோர்ட்டில் சொல்லிக்கொள் என்றார்கள். சிவப்பிரகாசத்திடம் போய், டிரம்மைப் பத்துப் பேர் முன்னால் திறந்து காட்ட அனுமதி கேட்டார். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் சொல்லித்தான் நீ மாட்டின. தொறந்தா யார் மேல வரும்? கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாள் கீது, வீரபாகு. விட்டுடு," என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து விடுவித்த காரை அந்த வாரமே லாரியில் ஏற்றி மெட்ராஸுக்கு உடைக்க அனுப்பிவிட்டார்.

கேஸ் அடுத்த வருஷம் நடந்தது. வீரபாகு எல்லப்பன் பக்கத்துச் சாட்சியாகக் கூண்டில் ஏறி, ரப்பரைப் பற்றியும் சூட்டைப் பற்றியும் தெரிந்த அளவுக்குச் சொன்னார். சம்பவ இடத்தில் இருந்தும் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அரசாங்க வக்கீல் கேட்டார். பயந்துவிட்டேன் என்றார். டிரைவர் உமக்கு எத்தனை வருஷப் பழக்கம் என்று கேட்டார். ஆறு வருஷம் என்றார். பழக்கத்துக்காகச் சொல்கிறார் என்று ஆகி, அதோடு முடிந்தது. பாட்டிலை ஒருவரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. தீர்ப்பு அதிகாரியின் ரிப்போர்ட்டை ஒட்டியே வந்தது. எல்லப்பனுக்கு ஒரு வருஷம் ஜெயில், லைசென்ஸும் ரத்து.

கோர்ட் வாசலில் எல்லப்பனின் மனைவி அம்மணி நின்றிருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"அன்னைக்கி அங்கேயே சொல்லியிருக்கலாம் இல்லீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வீரபாகு பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரோட்டைப் பார்க்க நடந்தார்.

கோர்ட் நம்பாத பேச்சை ஊர் நம்பியது. கெட்டுப்போன பிரேக்கைத் தானே மாட்டினேன் என்று கூண்டில் நின்று சொன்னவன் என்று லாரிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வராமல் போனார்கள். 1982இல் ஷெட்டை மூடினார். அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த பவர்லூம் கொட்டகைகளில் தறிகளைப் பழுதுபார்க்கும் பிட்டர் வேலைக்குப் போனார். அங்கேயும் டூப்ளிகேட் சாமான்கள்தான். ஒவ்வொன்றையும் அளந்து, பாதியைத் திருப்பி அனுப்பி, தறிகளை நாள்கணக்கில் நிறுத்தி வைத்தார். அவர் அளப்பதை யாராலும் நிறுத்த முடியவில்லை. மூன்று கொட்டகைகளில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கன்னியம்மாள் தறிகளுக்கு நூல் தார் சுற்றிக் குடும்பத்தைத் தாங்கினாள். அன்றைக்குப் பெடலைப் பற்றித் தான் சொன்னதை அவள் ஒருநாளும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

ஜெயிலிலிருந்து வந்த எல்லப்பன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டு ஊர் திரும்பியிருப்பதாகக் கேள்விப்பட்டு, வீரபாகு இரண்டு தடவை தேடிப் போனார். வீட்டில் இல்லை என்றார்கள். 1984இல் மூன்றாவது தடவை போனபோது எல்லப்பன் வேலி ஓரம் முள் வெட்டிக்கொண்டிருந்தார். வா மேஸ்திரி என்று சொன்னார், தண்ணீர் கொடுத்தார். வேலையை நிறுத்தவில்லை.

"நீ கோர்ட்ல சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும் மேஸ்திரி," என்றார் கடைசியில். "ஒன் மேல கோவம் இல்ல. ஆனா இனிமே வராத. ஒன்னப் பாத்தா காலுக்கடியில அந்தப் பெடலு எறங்கறதுதான் வருது. ரெண்டு நாளைக்கித் தூங்கமாட்டேன்."

வீரபாகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் இருந்தது. நடந்தே ரோட்டுக்கு வந்தார்.

பிறகு அவர் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு சைக்கிள் கடையில் தினக்கூலிக்குச் சேர்ந்தார். பஞ்சர் ஒட்டினார், செயின் மாற்றினார், சக்கரத்தில் கோட்டம் எடுத்தார். வேலை சுத்தமாக இருந்ததால் கடைக்காரர் மரியாதையாகத்தான் வைத்திருந்தார். பிரேக் கட்டை மாற்ற யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் மட்டும், பக்கத்துக் கடையைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.